மகாலில் அமர்ந்த நீதி
(திருமலை நாயக்கர் அரண்மனை: கட்டியோரும் காத்தோரும்)

ஒரு கட்டடத்தின் சிறப்பைப் பேசுவோர் பெரும்பாலும் அதைக் கட்டியவரைப் பற்றியே பேசுவர். எந்த மன்னன் எழுப்பினான், எத்தனை தூண்கள் நிறுத்தினான், எவ்வளவு பொருள் செலவிட்டான் என்பவையே வரலாறாகக் கொள்ளப்படும். கட்டியவன் மறைந்த பின் அக்கட்டடம் எப்படிப் பிழைத்தது, யாரால் பிழைத்தது என்று கேட்போர் குறைவு. தென்னாட்டு அரண்மனைகளுள் பெயர் பெற்ற மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் வரலாறு, இந்த இரண்டாம் கேள்விக்கே தெளிவான விடை தருகின்றது. அரசன் வாழ்ந்த இல்லம் என்பதால் அது பிழைத்துவிடவில்லை. மக்கள் வழக்குரைக்க வந்து நின்ற மன்றமாக மாறியமையே அதன் பெரும்பகுதிக்கு நேர்ந்த முடிவிலிருந்து எஞ்சிய பகுதியைக் காத்தது.

வராக நதிக்கரையில் வயலும் தோப்புமாக விளங்கும் ஜெயமங்கலம் இன்று தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1996இல் அம்மாவட்டம் பிரிக்கப்படும் வரை, பெரியகுளம் வட்டத்து மற்ற ஊர்களைப் போலவே, இதுவும் மதுரை மாவட்டத்தின் ஒரு சிற்றூராக இருந்தது. ஆகவே ஜில்லா என்றால் மதுரை. ஜில்லாக் கோர்ட்டு என்றால் மகால். மீனாட்சியம்மனைத் தரிசிக்கவும், சித்திரைத் திருவிழாக் காணவும் மதுரைக்குச் சென்றவர் பலர். பங்காளி வழக்கிலோ, வாய்க்கால் தகராற்றிலோ, அதனினும் கொடிய குற்ற வழக்கிலோ சிக்கி, மேல் நீதிமன்றத்தை நாடி மதுரைக்குச் சென்றவரும் உண்டு. 1928இல் போடிநாயக்கனூர் இருப்புப் பாதை திறக்கப்படும் முன்னர் அவர்கள் ஆண்டிபட்டிக் கணவாயை மாட்டு வண்டியிலோ கால்நடையாகவோ கடக்க வேண்டியிருந்தது. அவ்வாறு சென்று அவர்கள் நின்ற இடம், மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர் ஒரு மன்னன் அரியணையில் வீற்றிருந்த இடம்.

தலைநகரும் அரண்மனையும்

மதுரை நாயக்க மன்னருள் புகழ் மிக்கவரான திருமலை நாயக்கர் கி.பி. 1623 முதல் 1659 வரை ஆண்டார். அவருக்கு முன்னர் திருச்சிராப்பள்ளி தலைநகராக இருந்தது. அவர் அதனை மீண்டும் மதுரைக்கு மாற்றியதற்கு மக்கள் ஒரு கதை வழங்குவர். நெடுநாள் நீங்காத சளிநோயால் வருந்திய மன்னர், மதுரை செல்லும் வழியில் திண்டுக்கல்லில் தங்கியிருந்தபோது, சொக்கநாதரும் மீனாட்சியம்மையும் கனவில் தோன்றி, மதுரையிலேயே உறைந்தால் நோய் தீரும் என்று அருளியதாகவும், அதன்படி நோய் நீங்கியதாகவும் அக்கதை கூறும். கதை எவ்வாறாயினும், பாண்டியரின் பழம்பதியில், திருக்கோயிலின் அருகில் இருந்து ஆள்வதால் அரசுக்குக் கிடைக்கும் மதிப்பை அவர் நன்கு உணர்ந்திருந்தார் என்பதில் ஐயமில்லை. புதுமண்டபம், வண்டியூர்த் தெப்பக்குளம் முதலிய பெரும்பணிகள் அவர் காலத்தவை. தெப்பக்குளம் தோன்றியதே அரண்மனைச் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளத்தால்தான் என்றும், அங்கு மண் தோண்டும்போது கிடைத்தவரே மீனாட்சியம்மன் கோயிலில் இன்று வீற்றிருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் மதுரை மக்கள் கூறுவர்.

அரண்மனை 1636ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. கோயிலுக்குத் தென்கிழக்கே அமைந்த அது இரு பெரும் பகுதிகளைக் கொண்டிருந்தது. ஒன்று மன்னர் வாழ்ந்த சொர்க்கவிலாசம். மற்றொன்று அவர்தம் தம்பி முத்தியாலு நாயக்கருக்கு உரிய அரங்கவிலாசம். இவ்விரண்டையும் சூழ்ந்து அந்தப்புரம், நாடகசாலை, கோயில், படைக்கலக் கொட்டில், பல்லக்குச் சாலை, வாத்தியங்கள் முழங்கும் நவபத்கானா, பூங்கா, தடாகம் எனப் பல அமைப்புகள் இருந்தன. இன்று நாம் காண்பது அம்முழு வளாகத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே என்பர்.

கட்டடத்தின் அமைப்பு

உள்ளே நுழைவோரை முதலில் எதிர்கொள்வது வானம் நோக்கித் திறந்த பெருமுற்றம். கட்டடக் கலை அறிஞர் ஜேம்ஸ் பெர்குசன் 1876இல் வெளியிட்ட தமது நூலில் இதன் அளவைக் கிழக்கு மேற்காக 244 அடி, தென்வடலாக 142 அடி என்று குறித்தார். முற்றத்தின் நாற்புறமும் தூண்களும் வளைவுகளும் கொண்ட தாழ்வாரங்கள் செல்கின்றன. தூண்களின் உயரம் ஏறத்தாழ 40 அடி. ஒருவர் கைவிரித்து அணைக்க இயலாத பருமன் உடையவை. தூணுக்குத் தூண் பாயும் வளைவுகள் செங்கல்லால் ஆனவை. அவற்றின் உள்விளிம்பு இலையடுக்குப்போல் வளைந்து வளைந்து செல்கின்றது.

முற்றத்தின் மேற்கே படியேறிச் சென்றால் அரியணை மண்டபமாகிய சொர்க்கவிலாசம். அதன் நடுவே எண்கோண அமைப்பின் மேல் எழும் பெருங்குவிமாடம் ஏறத்தாழ 60 அடி விட்டமும், தரையிலிருந்து 70 அடி உயரமும் உடையது. உத்தரமோ விட்டமோ தாங்காமல் செங்கல்லும் சுண்ணாம்புமே ஒன்றையொன்று அழுத்தி நிற்கும் முறையில் இது கட்டப்பட்டது. பாரத்தை வளைவுகள் தூணுக்கு இறக்க, தூண்கள் அதனை நிலத்திற்கு இறக்குகின்றன. தூண்கள் இவ்வளவு பருத்து நிற்பதற்குக் காரணம் ஆடம்பரம் மட்டுமன்று. மேலே உள்ள மாடங்களின் எடையும் அவை பக்கவாட்டில் தள்ளும் விசையும் அப்பருமனை வேண்டின.

வடமேற்கில் உள்ள நாடகசாலை மற்றொரு நீண்ட மண்டபம். அங்கே மாலை வேளைகளில் ஆடலும் பாடலும் நிகழ்ந்தன என்பர். பிற்காலத்தில் நாயக்கர் காலத்துச் சிற்பங்களும் கல்வெட்டுகளும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன.

இக்கட்டடத்தின் அழகுக்கு உயிராக இருப்பது சுதைவேலை. சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை நன்கு அரைத்து, மெல்லிய பூச்சாகப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவது தமிழகக் கொத்தர்களின் பழைய முறை. கடுக்காய் நீரும் வெல்லப்பாகும் முட்டையின் வெண்கருவும் அதில் சேர்வதுண்டு. முறையாகச் செய்த பூச்சு சலவைக்கல்லைப்போல் மின்னும். யாளிகளும் பூங்கொடிகளும் தெய்வ உருவங்களும் இந்தச் சுதையிலேயே வடிக்கப்பட்டு, வளைவுகளின் மேலும் கூரையின் கீழும் நிற்கின்றன.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. கூர்வளைவும் குவிமாடமும் பீஜப்பூர் போன்ற தக்காணத்துச் சுல்தான்களின் கட்டடங்களை நினைவூட்டுகின்றன. உருண்டு திரண்ட பெருந்தூண்கள் ஐரோப்பியக் கட்டடங்களை ஒத்துள்ளன. யாளியும் சுதைச் சிற்பமும் தென்னாட்டுக் கோயிலுக்கு உரியவை. இவ்வாறு பலவும் கலந்திருப்பதால் இதனை இத்தாலியச் சிற்பி ஒருவர் திட்டமிட்டார் என்ற கருத்தும் வழங்கி வருகின்றது. அந்நூற்றாண்டின் மதுரையில் இராபர்ட் தெ நொபிலி முதலிய ஏசு சபைத் துறவிகள் வாழ்ந்தனர். தக்காணத்துச் சுல்தான்களோடு போரும் உறவும் இருந்தன. விஜயநகரத்தில் ஏற்கெனவே தாமரை மகால் போன்ற கலப்புப் பாணிக் கட்டடங்கள் தோன்றியிருந்தன. ஆகவே வெளியிலிருந்து வந்த ஒருவர் வரைந்து தந்தார் என்று கொள்வதைவிட, பல திசையிலிருந்தும் வந்த வடிவங்களை மதுரைக் கொத்தர்கள் தம் கைக்குப் பழகிய சுண்ணாம்பிலும் செங்கல்லிலும் வார்த்துக்கொண்டனர் என்று கொள்வதே பொருந்தும். கோயில் கட்டுவதற்கு ஆகமமும் சிற்ப நூலும் வகுத்த வரையறைகள் உண்டு. அரண்மனைக்கு அத்தகைய கட்டுப்பாடு குறைவு. அந்த உரிமையை அவர்கள் முழுமையாகப் பயன்படுத்தினர்.

பொருள் எங்கிருந்து வந்தது?

மன்னர் கட்டினார் என்று எழுதுவது எளிது. அதற்குரிய பொருளை நிலம் தந்தது. நாயக்கர் ஆட்சியில் நாடு எழுபத்திரண்டு பாளையங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மதுரைக் கோட்டையின் எழுபத்திரண்டு கொத்தளங்களுள் ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரரின் பொறுப்பில் விடப்பட்டிருந்தது என்பது மரபு. வருவாயில் மூன்றில் ஒரு பங்கு நாயக்கருக்கும், ஒரு பங்கு படைச் செலவுக்கும் போக, எஞ்சியது பாளையக்காரருக்கு என்று வரலாற்றாசிரியர் கூறுவர். மேற்கு மலையடிவாரத்தில் வடகரை, போடிநாயக்கனூர், கண்டமநாயக்கனூர் முதலிய பாளையங்கள் இருந்தன. அவற்றின் வயலில் விளைந்த நெல்லும், காட்டிலும் கணவாயிலும் பெற்ற வரியும் மதுரைக்குச் சென்றன. எனவே மகாலின் சுண்ணாம்பில் வராக நதிப் பாசனத்து உழவரின் வியர்வையும் கலந்துள்ளது என்பது வெறும் புகழ்ச்சியன்று. வரிமுறையிலிருந்து பெறப்படும் உண்மை.

அந்த உழவர்கள் அரண்மனைக்குள் அழைக்கப்பட்டவர்கள் அல்லர். முற்றத்தின் அகலமும் தூணின் உயரமும் அரசனுக்கு முன்னே நிற்பவனைச் சிறியவனாக உணரச் செய்வதற்கென்றே அமைந்தவை. மன்னன் அளித்த நீதியும் அத்தகையதே. மகாலைப் பார்க்கச் செல்வோருக்குப் பள்ளியறைக் கூரையில் திருடன் இட்ட துளையைக் காட்டிக் கதை சொல்வது நெடுநாள் வழக்கம். கூரையைத் துளைத்து, கயிற்றில் இறங்கி, அரச அணிகலன்களைக் கவர்ந்து சென்றான் ஒரு திருடன். அவற்றை மீளக் கொணர்பவனுக்குப் பரம்பரை மானியம் தருவதாக மன்னர் பறை அறைவித்தார். திருடன் தானே வந்து அணிகலன்களை ஒப்படைத்தான். சொன்ன சொல் தவறாமல் மானியத்தை அளித்த மன்னர், அடுத்த கணமே அவன் தலையைக் கொய்ய ஆணையிட்டார். நடந்ததோ இல்லையோ, இக்கதை மக்கள் உள்ளத்தில் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. அரசன் சொல்லே சட்டமாகவும் அவன் சொல்லே முடிவாகவும் இருந்த காலத்தை அது சில வரிகளில் காட்டிவிடுகின்றது.

பேரன் இடித்த பெருமனை

1659இல் திருமலை நாயக்கர் மறைந்தார். சிறிது காலத்திற்குள் அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் அரசுரிமை பெற்றார். அவர் தலைநகரை மீண்டும் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். அங்கே தமக்கென ஓர் அரண்மனை எழுப்ப விரும்பி, மதுரை அரண்மனையின் பல பகுதிகளை இடிப்பித்து, அவற்றின் சிற்ப வேலைப்பாடு கொண்ட மரங்களையும் கற்களையும் பிற பொருள்களையும் வண்டிகளில் ஏற்றிக் கொண்டுசென்றார். பகைவர் படையெடுத்து அழித்ததன்று இவ்வழிவு. கட்டியவரின் சொந்தப் பேரன், கட்டி முடித்து அரை நூற்றாண்டு ஆவதற்குள் செய்தது. அரசன் இருக்கும் இடமே அரண்மனை. அவன் நீங்கினால் அது கல்லும் மரமும் கிடைக்கும் கிடங்கு. தனி ஒருவருக்கென எழுந்த கட்டடத்தின் ஆயுள், அந்த ஒருவரின் தேவையைப் பொறுத்ததே.

1736இல் நாயக்கர் ஆட்சி முடிவுற்றது. அதன் பின்னர் மதுரை, சந்தாசாகிபு, ஆர்க்காட்டு நவாபு, கம்பெனியார் எனக் கை மாறியது. அரண்மனையின் எஞ்சிய மண்டபங்கள் படைவீரர் தங்கும் கொட்டடியாகவும், பொருள் வைக்கும் கிடங்காகவும், நெசவுக் கூடமாகவும் பயன்பட்டன. மழை, அரசமரத்து வேர், வீடு கட்ட செங்கல் தேடியவரின் கடப்பாறை ஆகிய மூன்றும் சேர்ந்து சுவர்களைத் தின்றன.

இந்த நிலைக்குச் சான்றுகள் உண்டு. 1792இல் மதுரைக்கு வந்த ஆங்கில ஓவியர்களான தாமஸ் டேனியலும் அவர் உடன்பிறந்தாரின் மகன் வில்லியமும் இடிந்த வளைவுகளையும் அவற்றின் மேல் முளைத்த செடிகொடிகளையும் வரைந்தனர். 1858இல் சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் இதே மண்டபங்களைப் படம் பிடித்தார். அவருடைய படங்களில் கம்பீரமான தூண்களும், உதிர்ந்த சுதையும், வெடித்த வளைவுகளும் ஒருங்கே தெரிகின்றன. அரண்மனை மேலும் ஐம்பது ஆண்டுகள் அவ்வாறே விடப்பட்டிருந்தால், பெயர் மட்டுமே எஞ்சியிருக்கும்.

அக்காலத்தில் மதுரை நகரமே உருமாறிக்கொண்டிருந்தது. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்து நகரை விரிவாக்கினார். பாளையக்காரர் காத்து நின்ற கொத்தளங்கள் மறைந்து, வெளி வீதிகள் தோன்றின. அவ்வேலையில் ஈடுபட்டோரின் பெயரால் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வழங்குகின்றன. பிளாக்பர்ன் நினைவாக நின்ற விளக்குத்தூண் இன்றும் ஒரு கடைவீதிக்குப் பெயராக உள்ளது. மதிலுக்கு நேர்ந்தது மகாலுக்கும் நேர்ந்திருக்கக் கூடும்.

நேப்பியரும் சிஷோமும்

அவ்வாறு நேராமல் தடுத்தவர் 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு. இந்தியாவில் அரசு எழுப்பும் கட்டடங்கள் ஐரோப்பியக் கட்டடங்களின் நகலாக அமைதல் தகாது, இம்மண்ணுக்குரிய வடிவங்களைக் கற்று அவற்றின் வழியே அமைதல் வேண்டும் என்ற கருத்துடையவர் அவர். 1870இல் இதுபற்றி விரிவுரையும் ஆற்றினார். மகாலைக் கண்ட அவர், எஞ்சிய பகுதியைச் செப்பனிட ஆணை பிறப்பித்தார். அப்பணியில் ஈடுபட்டவர் சென்னை அரசின் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம். வளைவுகள் செப்பனிடப்பட்டன, உதிர்ந்த சுதை மீளப் பூசப்பட்டது, குவிமாடங்கள் உறுதி பெற்றன. கிழக்கு வாயில் முகப்பும் பிற்காலத்துப் பணியே.

இத்திருப்பணி மதுரையோடு நிற்கவில்லை. மகாலை அளந்தும் வரைந்தும் ஆராய்ந்த சிஷோம் அதைப்பற்றி இலண்டன் கட்டடக் கலைஞர் கழகத்தில் கட்டுரையும் அளித்தார். சேப்பாக்கத்தில் அவர் 1874 முதல் 1879 வரை எழுப்பிய சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் தென்னாட்டு, இஸ்லாமிய, ஐரோப்பியப் பாணிகள் கலந்து நிற்பதைக் காண்போர், மதுரையில் அவர் பெற்ற பயிற்சியை உணரலாம். இந்தோ சாரசனிக் என்று பின்னர் பெயர் பெற்ற பாணிக்கு மதுரைக் கொத்தர்களின் கைவண்ணமும் ஒரு பாடமாக அமைந்தது.

எனினும் கலை ஆர்வம் ஒன்றினாலேயே அரசுக் கருவூலம் திறந்துவிடுவதில்லை. இடிந்த அரண்மனையைச் செப்பனிடச் செலவிடுவதற்கு அரசுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. மாவட்ட நீதிமன்றத்துக்கும் அலுவலகங்களுக்கும் இடம் வேண்டும் என்பதே அக்காரணம். அழகு என்று சொன்னால் தயங்கும் அதிகாரி, பயன் என்று சொன்னால் இசைவார். மகாலைக் காத்தது அழகும் பயனும் கைகோத்த அந்த நல்வாய்ப்பே. நேப்பியரைப் போற்றும்போது இதையும் மறத்தல் கூடாது. கோட்டையை இடித்ததும் கம்பெனி அரசே. மகாலைக் காத்ததும் ஆங்கில அரசே. கோட்டையால் அவர்களுக்குப் பயனில்லை. மகாலால் பயன் இருந்தது.

மகால் கோர்ட்டு

இவ்வாறு அரியணை மண்டபமும் அதைச் சூழ்ந்த பகுதிகளும் நீதிமன்றமாயின. மன்னர் வீற்றிருந்த குவிமாடத்தின் கீழ் நீதிபதியின் மேசை இடம்பெற்றது. கட்டியக்காரன் நின்ற இடத்தில் டவாலி நின்று வாதி பிரதிவாதிகளின் பெயரை மும்முறை கூவி அழைத்தான். தூண்களின் நிழலில் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் கட்சிக்காரர்களும் வாய்தா நாள்களை எண்ணியபடி காத்திருந்தனர்.

மாவட்ட நீதிபதியே அமர்வு நீதிபதியாகவும் விளங்கியமையால், கொலை போன்ற கொடுங்குற்ற வழக்குகள் அங்கே விசாரிக்கப்பட்டன. கீழ் நீதிமன்றங்களில் தீர்ந்த நில வழக்குகளும் பாகப்பிரிவினை வழக்குகளும் மேல்முறையீடாக அங்கே வந்தன. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் பெரியகுளம் பக்கத்திலிருந்தும் சென்ற குடியானவர்கள், தம் முன்னோர் வரி செலுத்தி எழுப்பிய மாளிகைக்குள் முதன்முறையாக உரிமையோடு நுழைந்தனர். அரசன் அழைப்பில்லாமல் எவரும் புகவொண்ணாத முற்றத்தில், வழக்கு எண் ஒன்றைக் கையில் வைத்திருந்த எவரும் புகலாயிற்று.

அந்நீதி குறையற்றது என்று கூறுதல் பொருந்தாது. விசாரணை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது. தன் உயிரைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் என்ன பேசுகிறார்கள் என்பதே விளங்காமல் நின்றவர் பலர். வழக்காடித் தோற்றவனோடு, வென்றவனும் கடனாளியாகித் திரும்பியதுண்டு. ஆயினும் ஒரு வேறுபாடு பெரிது. திருடன் கதையில் மன்னர் ஒரு வாயால் மானியமும் மறு வாயால் மரணமும் அளித்தார், கேட்பார் எவருமில்லை. அதே மாளிகையில் பின்னர் அமர்ந்த நீதிபதி மரண தண்டனை விதித்தாலும், சென்னை உயர் நீதிமன்றம் அதனை ஆராய்ந்து உறுதி செய்தாலன்றி அது நிறைவேறாது. தீர்ப்புக்குக் காரணம் எழுதப்பட வேண்டும். அதன் நகல் குற்றவாளிக்குக் கிடைக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும். ஒரே குவிமாடத்தின் கீழ் இவ்விரு முறைகளும் இருந்தன என்பதே அக்கட்டடம் கூறும் பெரிய வரலாறு.

மக்கள் வந்து போகும் இடமாக இருந்தமையால் கட்டடமும் கவனிக்கப்பட்டது. கூரை ஒழுகினால் கோப்புகள் நனையும். ஆகவே ஒழுகல் அடைக்கப்பட்டது. சுவர் வெடித்தால் அலுவல் தடைபடும், ஆகவே பூசப்பட்டது. நீதிமன்றத் தேவைக்கெனத் தடுப்புகளும் அலமாரிகளும் புகுந்து மண்டபங்களின் அழகைக் கெடுத்தன என்பது உண்மையே. ஆனால் அலுவல் நடந்த ஒவ்வோர் ஆண்டும் அக்கட்டடத்துக்குக் கிடைத்த ஆயுள்.

நினைவுச் சின்னமாக

விடுதலைக்குப் பின்னரும் நீதிமன்றம் பல ஆண்டுகள் மகாலிலேயே இயங்கியது. 1970ஐ ஒட்டி அது புதிய இடத்துக்கு மாறியது. மகால் தமிழ்நாடு அரசுத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் வந்தது. மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்ற 1981ஆம் ஆண்டை ஒட்டி ஒலி ஒளிக் காட்சி தொடங்கி, நாயக்கர் வரலாற்றோடு கண்ணகியின் கதையையும் அம்முற்றத்தில் ஒலிக்கச் செய்தனர். தவறான தீர்ப்பளித்த மன்னனிடம் ஒரு பெண் நீதி கேட்ட கதையை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நீதி கேட்கப்பட்ட முற்றத்தில் சொல்வது பொருத்தமே. 1995இல் வெளிவந்த 'பம்பாய்' திரைப்படம் முதலாகப் பல படங்களின் பாடற்காட்சிகள் வழியே அத்தூண்களை நாடு முழுவதும் கண்டது.

ஆயினும் வழக்கில்லாமல் வருவோரின் கைகளாலும் கட்டடத்துக்குக் கேடு வந்தது. தூண்களில் ஆணியாலும் கூரிய கல்லாலும் பெயர்களைக் கீறி வைத்தனர். வழக்குக்காக வந்து அஞ்சி நின்றவன் கை வைக்கத் துணியாத தூணில், வேடிக்கை பார்க்க வந்தவன் தன் பெயரை எழுதினான். துறையினர் தடுப்பு வேலிகள் இட்டும் காவலர்களை நிறுத்தியும் அதனைத் தடுக்க வேண்டியதாயிற்று. தமக்கு அங்கே ஓர் உரிமை உண்டு என்று உணர்வோரே ஒரு கட்டடத்தை மதிப்பர். அயலாகக் காண்போர் அதனைக் கீறுவர்.

மகாலிலிருந்து விளக்குத்தூண் நோக்கி நடந்தால், கடைகளும் வீடுகளும் நெருங்கிய ஒரு சந்தில் பத்துப் பெருந்தூண்கள் தனித்து நிற்பதைக் காணலாம். பத்துத் தூண் சந்து என்றே அதற்குப் பெயர். மேலே கூரையில்லை, வளைவில்லை, மாடமில்லை. பழைய அரண்மனையின் அழிந்த பகுதியில் எஞ்சியவை இவை மட்டுமே. அருகே நவபத்கானாத் தெரு என்று ஒரு தெருவும் உண்டு, நவபத்கானா இல்லை. மகாலில் நிற்கும் தூண்களும் சந்தில் நிற்கும் தூண்களும் ஒரே அரசனால், ஒரே காலத்தில், ஒரே சுண்ணாம்பில் எழுந்தவை. முன்னவை மண்டபமாக நிற்கின்றன. பின்னவை வெறும் தூண்களாக நிற்கின்றன. ஒன்றில் மக்களுக்கு வேலை இருந்தது, மற்றதில் இல்லை என்பதே வேறுபாடு.

2004இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டபின், தேனி மாவட்டத்தாரின் மேல்முறையீடுகள் மீண்டும் மதுரைக்கே சென்றன. வழக்குக்குச் செல்வோர் மகாலைக் கடந்து செல்ல வேண்டிய தேவை இப்போது இல்லை. அதனால் மகாலின் வரலாற்றை ஊரார் மறந்துவிடுதல் ஆகாது. அதன் படிப்பினை பெரிய மாளிகைகளுக்கு மட்டும் உரியதன்று. சிற்றூர்களில் பழைய சாவடிகளும், கல்மண்டபங்களும், ஓட்டுக்கூரைப் பள்ளிகளும், நூலகக் கட்டடங்களும் உள்ளன. கூட்டம் கூடும் சாவடி நிற்கும். கூடாத சாவடி இடியும். நூல் எடுக்க ஆள் வரும் வரை நூலகத்தின் கூரை ஒழுகாது. கட்டடத்துக்குப் பொருந்தும் இவ்விதி அமைப்புகளுக்கும் பொருந்தும். பத்தாண்டு நிலைத்த ஓர் இலக்கிய வட்டத்தைத் தாங்கி நிற்பது தொடங்கியோரின் பெயர் மட்டுமன்று. திங்கள்தோறும் வந்து அமர்ந்து கேட்டோரின் வருகையே. மன்றமாயினும் மண்டபமாயினும், எழுப்புவது ஒருவராக இருக்கலாம். காப்பது பலர் காலடியே.